இறக்கை முறிந்தது ஏன்?

கேள்வி: பறந்துகொண்டிருந்த பயிற்சி விமானம் ஒன்றின் இறக்கை தனியே பிரிந்து விழுந்ததாகப் படித்தேன். முறையாகப் பரிசோதிக்கப்படும் விமானத்தில் இப்படி நேருமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: நேரும், நேர்ந்தும் இருக்கிறது. தாங்கள் படித்தது அநேகமாக 2018 ஏப்ரல் 4 அன்று அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், டேடோனா பீச்சில் நடந்த விபத்தாக இருக்கலாம். எம்ப்ரி-ரிடில் விமானவியல் பல்கலைக்கழகத்தின் பைப்பர் ஆரோ விமானம், ஓடுதளத்தைத் தொட்டுவிட்டு உடனே மேலெழுந்து ஏறிக்கொண்டிருந்தபோது இடது இறக்கை பிரிந்தது. வணிக விமானி உரிமத்துக்கான பறத்தல் தேர்வில் இருந்த மாணவரும், அவரைச் சோதிக்க வந்த தேர்வாளரும் உயிரிழந்தனர்.

அது ஓட்டை உடைசல் விமானமன்று. 2007-இல் தயாரானது, ஏறத்தாழ 7,690 மணி நேரம் பறந்தது, ஆண்டுப் பரிசோதனை முடிந்து இரண்டு வாரங்கள்தாம் ஆகியிருந்தன. ஆனால் அதே காலத்தில் அது 33,000 தடவைகளுக்கு மேல் தரையிறங்கியிருந்தது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அந்த இறக்கைகள் பட்ட பாடு விளங்கும்.

இறக்கையின் நீளவாக்கில் ஓடி அதன் பாரத்தைத் தாங்கும் முதன்மை உத்தரத்துக்கு ஸ்பார் என்று பெயர். பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளைய முயல்வதால், ஸ்பாரின் கீழ்விளிம்பு எப்போதும் இழுவிசைக்கு உள்ளாகிறது. அந்த விளிம்பு விமான உடலோடு போல்ட்டுகளால் பிணைக்கப்படும் இடத்தில், ஒரு போல்ட் துளையில் விரிசல் தொடங்கியிருந்தது. கம்பியை முன்னும் பின்னுமாக மடக்கிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் அது பட்டென்று முறிவதைப் போல, ஏற்ற இறக்கமான சுமைகள் திரும்பத் திரும்ப விழுந்து உலோகம் அயர்ச்சியடைந்தது. கீழ்விளிம்பின் குறுக்குவெட்டில் 80 சதவீதத்துக்கும் மேலான பகுதியில் அயர்ச்சியின் தடயம் இருந்ததைத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் ஆய்வாளர்கள் கண்டனர். அதே பல்கலைக்கழகத்தின் இன்னொரு விமானத்திலும் அதேபோன்ற துளையில் சிறு விரிசல் இருந்தது பின்னர் தெரியவந்தது.

பரிசோதனையில் ஏன் அகப்படவில்லை? போல்ட் மாட்டியிருக்கும்வரை துளையின் உட்சுவர் கண்ணுக்குத் தெரியாது. புறப்படுமுன் விமானத்தைச் சுற்றிவந்து பார்க்கும் விமானிக்கோ, வழக்கமான பராமரிப்பைச் செய்யும் பொறியாளருக்கோ அது மறைவிடம்தான். போல்ட்டைக் கழற்றி, சுழல் மின்னோட்டக் கருவியின் முனையைத் துளைக்குள் செலுத்தினால்தான் மயிரிழை விரிசல்கூட அகப்படும்.

எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. 1987-லேயே டெக்சாஸில், எண்ணெய்க் குழாய்ப் பாதையைத் தாழப் பறந்து கண்காணித்த, இதே குடும்பத்தைச் சேர்ந்த பைப்பர் விமானமொன்று இறக்கை முறிந்து விழுந்தது. உடனே பிறப்பிக்கப்பட்ட பரிசோதனை ஆணை, மிகச் சில விமானங்களில் மட்டுமே விரிசல் காணப்பட்டதால் 1989-இல் திரும்பப் பெறப்பட்டது. தாழப் பறத்தல் என்னும் அந்தக் கடுமையான சூழலே பயிற்சிப் பள்ளிகளின் அன்றாட வாழ்க்கை என்பதை அப்போது யாராவது எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் அதிக மணி நேரம் பறந்த சிறு விமானம் எதுவானாலும் ஆபத்துதானா?
– வாசகி, சிவகாசி

பதில்: மணிக்கணக்கு மட்டும் போதாது, எப்படிப் பறந்தது என்பதும் வேண்டும். விபத்துக்குப் பின் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் கொண்டுவந்த ஆணை இதைத்தான் கணக்கில் எடுக்கிறது. பயிற்சி போன்ற கட்டணச் சேவைக்கான விமானத்தை 100 மணி நேரத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்பதால், அத்தகைய பரிசோதனைகளின் எண்ணிக்கையை நூறால் பெருக்கி, மீதமுள்ள மணி நேரத்தைப் பதினேழால் வகுத்து அதனோடு கூட்டுகிறார்கள். அப்படி வரும் தொகை 5,000-ஐ எட்டினால் துளைகளைச் சோதித்தாக வேண்டும். அத்தகைய பரிசோதனை எதற்கும் உள்ளாகாமல் 8,500 மணி நேரம் பறந்த சொந்த விமானத்துக்கு இந்தக் கணக்கில் கிடைப்பது வெறும் 500. அதே 8,500 மணியை முழுவதும் பயிற்சியிலேயே கழித்து 85 பரிசோதனைகளைக் கண்ட விமானத்துக்கோ 8,500.