உடம்பு நன்றாக இருப்பவரையும் ஹெல்த் இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது ஏன்?

நோய் இருக்கிறதோ இல்லையோ, எல்லோரும் பாலிசி எடுத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் அபராதம்: இதுதான் கட்டாயக் காப்பீடு. 2010-ல் ஒபாமா கொண்டுவந்த சட்டத்தால் அமெரிக்காவில் இது பெரிய சண்டையானது.

இங்கே மும்பையில், தாராவியின் ஒரு சந்தில் மாதம் 100 ரூபாய் போட்டுச் சாவுச் செலவுக்கு நிதி சேர்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 70 வயதுத் தாத்தாக்கள் மட்டும் சேர்ந்தால் பெட்டி சீக்கிரமே காலி. சந்தாவை 300 ஆக்கினால், திடமான தாத்தாவும் கழன்றுகொள்வார்; அப்புறம் 600. இளவட்டங்களோ 'எனக்கென்ன இப்போ' என்பார்கள். (நானும் சொன்னவன்தான்.) ஹெல்த் இன்சூரன்ஸிலும் இதே கதைதான். அதோடு, ஏற்கெனவே நோய் உள்ளவருக்குப் பாலிசி மறுக்கக் கூடாது என்றும் ஒபாமாவின் சட்டம் சொன்னது. அப்புறம் யார்தான் படுக்கையில் விழும்முன் பாலிசி எடுப்பார்கள்? அதனால்தான் கட்டாயம்.

வேண்டாத பொருளை வாங்கு என்று அரசு சொல்லலாமா என்ற எதிர்க்கேள்வியும் லேசானதல்ல. 2012-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அபராதத்தை வரியாகக் கருதி, 5-4 என்ற நீதிபதிகள் வாக்கில் இந்தக் கட்டாயத்தை ஏற்றது. 2019 முதல் அந்த மத்திய அபராதம் பூஜ்ஜியம்.

நம் ஊரில் பலர் குழம்புவது: பைக்குக்குக் கட்டாயமான தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் நீங்கள் இடித்தவருக்கானது, உங்கள் ஆஸ்பத்திரி பில்லை அது கட்டாது.