கண்ணில் கேஸ் இருக்கும்போது குன்னூர் ஏறலாமா?

இப்போது கூட்டிவராதீர்கள். கோவையில் விழித்திரை ஆபரேஷன் ஆன பத்தாம் நாளே அப்பாவைக் குன்னூர் வீட்டுக்கு அழைத்துவரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விழித்திரையை அழுத்திப் பிடிக்க ஆபரேஷனில் கண்ணுக்குள் வைத்த கேஸ் (வாயு) முழுக்கக் கரையும்வரை மலை ஏறவே கூடாது.

கோவை சுமார் 410 மீட்டர் உயரம், குன்னூர் 1,850. மேலே காற்றழுத்தம் குறைவதால் கேஸ் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விரியப் பார்க்கும். கண்ணுக்குள் அதற்கு இடம் கிடையாது. அழுத்தம் ஏறி, ரத்த ஓட்டம் தடைப்பட்டு, பார்வையே போகலாம். கார், பஸ், மலை ரயில் எதுவானாலும் இதே ஆபத்துதான்.

டிஸ்சார்ஜ் சீட்டில் என்ன கேஸ் என்று பாருங்கள். எஸ்.எஃப்.6 என்றால் இரண்டு மூன்று வாரம், சி3எஃப்8 என்றால் இரண்டு மாதம்வரை நிற்கும். கேஸுக்குப் பதில் சிலிக்கான் ஆயில் வைத்திருந்தால் அது விரியாது. அதற்கு இந்தத் தடை இல்லை.

நிமிர்ந்து பார்க்கையில் தண்ணீர் மட்டம்போல் ஆடும் கோடு தெரிகிறதா என்று அப்பாவிடம் கேளுங்கள். தெரிந்தால் கேஸ் இருக்கிறது. தெரியாவிட்டாலும் ரெட்டினா கிளினிக்கில் பார்த்துச் சொன்ன பிறகே கிளம்புங்கள். அதுவரை மேட்டுப்பாளையத்தில் சொந்தக்காரர் வீடு இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஆஸ்பத்திரியிலேயே தங்க இடம் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

ஏறும் வழியில் கண்வலி, வாந்தி, பார்வை இருட்டல் வந்தால் அங்கேயே வண்டியைத் திருப்பிக் கீழே இறங்கி, நேரே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.