காதில் சீழ்: ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று விடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. மூன்று மாதமாக வலது காதில் சீழ் வடிகிறது. சளி பிடித்தால் இன்னும் அதிகமாகிறது. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விடச் சொல்கிறார் மாமியார். ‘எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதான், வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்கிறார். விட்டுவிடலாமா? – ஒரு தாய், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: பிள்ளைகளுக்குக் காதுவலி வருவது சகஜம்தான் அம்மா, அதுவரை உங்கள் மாமியார் சொல்வது சரி. மூன்று வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு முறையாவது வந்துவிடும். மூக்கின் பின்பக்கத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் சின்ன வயதில் குட்டையாக, படுத்த வாக்கில் இருக்கும். சளி பிடித்தால் கிருமி சுலபமாக ஏறிவிடும். அது பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும்.

மூன்று மாதமாக வடியும் காது அந்த வகை இல்லை. காது ஜவ்வில் ஓட்டை விழுந்து, இரண்டு வாரத்துக்கு மேல் சீழ் வந்தாலே அதை நாள்பட்ட நோய் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2004-ல் அது வெளியிட்ட அறிக்கையில், நூற்றுக்கு நான்கு பேருக்கு மேல் இந்த நோய் உள்ள நாடுகளில் இந்தியாவும் இருந்தது. இவ்வளவு பேருக்கு இருப்பதாலேயே நம் வீடுகளில் இதை யாரும் நோயாக எண்ணுவதில்லை. எனக்கு வருத்தம் தருவது அதுதான். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, ஆனால் கேட்கும் திறன் குறைந்துகொண்டே வரும். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை ‘கவனமில்லை’ என்று வகுப்பில் திட்டுவார்கள். உங்கள் மகன் டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறானா, பாருங்கள்.

எண்ணெய் வேண்டவே வேண்டாம். ஓட்டை வழியாக உள்ளே போய்விடும். சுத்தமான மெல்லிய பருத்தித் துணியைத் திரியாகத் திரித்துக் காதுக்குள் வைத்து, நனைந்ததும் எடுத்துவிட்டு வேறு திரி வையுங்கள். காது காயும்வரை ஒரு நாளில் பல முறை செய்யலாம். காய்ந்த காதில்தான் சொட்டு மருந்து வேலை செய்யும். மருந்தை மட்டும் கடையில் நீங்களாக வாங்காதீர்கள். ஓட்டை உள்ள காதில் சில சொட்டுகள் உள்காதையே கெடுத்துவிடும். குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சால் காதை அடையுங்கள். கடலில் குளிப்பது இப்போதைக்கு வேண்டாம்.

இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, கேட்கும் திறனையும் சோதித்துவிடுங்கள். ஓட்டை தானாக மூடாவிட்டால் அறுவை சிகிச்சையில் அடைக்கலாம். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. சீழ் நாற்றமடித்தால் தள்ளிப்போடாதீர்கள், எலும்பை அரிக்கும் வகையாக இருக்கலாம். காதுக்குப் பின்னால் வீக்கம், வாய் கோணுதல், தலைசுற்றல், கடும் தலைவலியோடு வாந்தி, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே, ராத்திரியானாலும், அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.