அல்சைமர் உள்ளவரைக் குழுவாகப் பாட அழைத்துப்போவதில் பயன் உண்டா? வீட்டிலேயே யூடியூபில் பாட்டுப் போட்டால் போதாதா?

வீட்டில் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறீர்கள் போலிருக்கிறது. ஆட்டோ பிடித்து, மாற்றுத்துணி எடுத்துவைத்து ஒருவரைக் கிளப்புவதை நினைத்தாலே மலைப்புத்தான். யூடியூப் கெட்டதில்லை. ஆனால் என் அப்பாவுக்கு அது போதவில்லை. காரணம், அவர் பேஸ், அதாவது குழுப்பாட்டில் ஆண்களின் அடிக்குரல் பாடுகிறவர்.

திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபை ஒன்றில் வாலிப வயதிலிருந்து கொயரில், அதாவது பாடகர் குழுவில், பாடியவர். பாமாலைகளை நான்கு குரலில் பாடுவோம். ராகம் பெண்களின் மேல்குரலான சொப்ரானோவிடம் இருக்கும். பேஸ் கீழே தன் வழியில் போகும். நோய் முற்றியபின் என் பெயர் போயிற்று, சாப்பிட்டது மறந்தது, அந்தக் கீழ்க்குரல் மட்டும் போகவில்லை. ஆனால் பேஸைத் தனியாகக் கேட்டால் பாட்டு மாதிரியே இருக்காது. ஒரே சுரம் நாலு தடவை, சடக்கென்று ஓர் இறக்கம், மறுபடி அதே சுரம். பார்த்துக்கொள்ள வந்த நர்ஸ் அதை முனகல் என்று நினைத்து, "ஐயா, எங்க வலிக்கு?" என்று கேட்டபடியே இருப்பார். ஃபோனில் பாட்டு ஓடினாலோ அப்பா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

அப்புறம்தான் பழைய கொயர் ஆட்கள் சிலரும், இதே நோயுள்ள வேறு இரண்டு குடும்பங்களும் சனிக்கிழமைகளில் கூட ஆரம்பித்தோம். காலையில்தான், சாயங்காலமானால் அப்பாவுக்குக் குழப்பமும் எரிச்சலும் கூடிவிடும். எல்லோருக்கும் வயதான குரல் என்பதால் சுருதியை இறக்கிக்கொண்டோம். பாட்டுத்தாள் கொடுப்பதில்லை, வாசிக்க முயன்று திணறுகிறார்கள். பக்கத்தில் ஆண்களின் மேல்குரலான டெனர் எடுத்ததும் அப்பாவின் மோவாய் நெஞ்சைத் தொடும், முனகலாகக் கேட்ட அதே குரல் தன் இடத்தில் வந்து உட்காரும். ஆமென் வரை விடமாட்டார். அம்மா எதிர்வரிசையில் சொப்ரானோ. அந்த ஒரு மணி நேரம் அவளிடம் மாத்திரை, டயாபர் பேச்சே கிடையாது.

"பாடினால் மூளை சரியாகிவிடுமா" என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். ஆகாது. நானும் அப்படிச் சொல்லவில்லை. பாடிவிட்டு வந்ததே மத்தியானத்துக்குள் மறந்துவிடும். ஆனால் வெறும் பாசத்தில் பேசுகிறேன் என்றும் நினைக்காதீர்கள். நெடுநாள் பழகிய இசையைத் தாங்கும் மூளைப் பகுதிகள் அல்சைமரில் அவ்வளவாகச் சுருங்குவதில்லை என்று 2015-ல் லைப்சிக் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். 2014-ல் வெளியான பின்லாந்து ஆய்வில், நோயாளியும் பார்த்துக்கொள்பவருமாக 89 ஜோடிகள். பாடிய பிரிவில் பார்த்துக்கொள்பவர்களின் மனநலமும் தேறியிருந்தது. எனக்கு இதுதான் முக்கியம். அம்மாவை யார் கவனிக்கிறார்கள்?

உங்கள் வீட்டில் எப்படியோ தெரியாது. பஜனையோ கும்மியோ சினிமாப் பாட்டோ, அவர் இளமையில் நாலு பேரோடு பாடியது எது என்று பாருங்கள். முதல் நாள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் பாதியில் கூட்டிவந்துவிட வேண்டாம்.

இடம்தான் பெரும்பாடு. சபை ஹாலைச் சனிக்கிழமை ஒரு மணி நேரம் கேட்டோம். வாடகை கட்டச் சொன்னார்கள். சபைக் கமிட்டி எலெக்ஷன் சமயத்தில் அதே ஹாலில் பிரியாணிப் பந்தி நடக்கிறது, அதற்கு வாடகை உண்டா என்று கேட்டால் பதில் இல்லை. இப்போது எங்கள் வீட்டு வராண்டாவில் பாடுகிறோம். போன எலெக்ஷனுக்கு இரண்டு அணிக்காரர்களும் அங்கேயே வந்து ஓட்டுக் கேட்டார்கள், அப்பாவிடமும் சேர்த்து.