விளையாட்டாக ஆடுபவரும் தீவிரமாக ஆடுபவரும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஓசூர் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறேன், வயது 33. ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ என்னும் கைப்பேசித் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு வந்த 2021ஆம் ஆண்டிலிருந்து, இடையில் தடை இருந்த மாதங்கள் நீங்கலாக, அன்றாடம் இரண்டு மணி நேரமாவது ஆடிவருகிறேன். இருந்தும் கல்லூரியில் படிக்கும் என் தம்பி, “அண்ணா, நீங்க கேஷுவல் பிளேயர். நாங்க ரேங்க் ஏத்துறப்ப ஸ்குவாடுக்கு வராதீங்க” என்கிறான். இத்தனை ஆண்டுகள் ஆடியும் நான் இன்னும் விளையாட்டாக ஆடும் கேஷுவல்தானா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: உங்கள் தம்பி சொன்ன விதம் முரட்டுத்தனமானது, சொன்ன செய்தி பெரும்பாலும் சரியானது. மணிக்கணக்கை வைத்து ஆட்டக்காரர்களைப் பிரிப்பது எல்லோரும் செய்யும் தவறு. ஷிப்ட் முடிந்து வந்து தினமும் இரண்டு மணி நேரம் ஆடுபவர் ஆண்டுக்கணக்கில் விளையாட்டாகவே ஆடிக்கொண்டிருக்கலாம். தேர்வு நெருங்குவதால் வாரத்துக்கு மூன்று மணி நேரம் மட்டுமே ஆடும் மாணவர் முழுத் தீவிர ஆட்டக்காரராக இருக்கலாம். செலவழிக்கும் பணமும் அளவுகோல் ஆகாது. துப்பாக்கிக்கும் சட்டைக்கும் புதுப்புது நிறம் வாங்கிக் குவித்துவிட்டு, குறி பார்க்கக் கற்றுக்கொள்வதற்கு மட்டும் மெனக்கெடாதவர்கள் ஏராளம்.

வேறுபாடு வெளிப்படுவது ஆட்டம் நடக்காத நேரத்தில்தான். தோற்றவுடன் கைப்பேசியைச் சார்ஜில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்காருபவர் ஒருவர். அந்த ஆட்டத்தின் பதிவை மீண்டும் ஓடவிட்டு, எந்தக் கணத்தில் மறைவிலிருந்து தலையை நீட்டியது பிழை என்று தேடுபவர் இன்னொருவர். இரண்டாமவர் ஒவ்வொரு துப்பாக்கியும் சுடும்போது எவ்வளவு மேலே எகிறுகிறது என்பதைப் பயிற்சிக் களத்தில் தனியே சுட்டுச் சுட்டு விரலுக்குப் பழக்குவார். இரண்டு கட்டைவிரல்களால் ஆடியதை விட்டு நான்கு விரல்களுக்கு மாறுவார். மாறிய முதல் சில வாரங்களில் முன்பைவிட மோசமாகத் தோற்பதையும் பொறுத்துக்கொள்வார். தானாக விரும்பித் தோற்கும் அந்தச் சில வாரங்களே, என் கணக்கில், இருவருக்கும் இடையிலான உண்மையான கோடு. அதைக் கடக்க உங்களுக்கு விருப்பமில்லை என்றால் அது குறையன்று, உங்கள் தேர்வு.

நம் பக்கத்து ஊர்களில் கோயில் மண்டபக் கல்லில் கீறியிருக்கும் ஆடு புலி ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. எந்த ஆட்டை எந்தப் புள்ளியில் வைத்தால் புலி அடைபடும் என்று மனப்பாடமாக அறிந்த பெரியவரும் அங்கே உட்காருவார், பேருந்து வரும்வரை பொழுதைப் போக்க வந்தவரும் உட்காருவார். பெரியவரிடம் நான் எத்தனையோ முறை ஆடுகளை இழந்திருக்கிறேன். அவர் சிரித்தாரே தவிர ஒருநாளும் கோபித்துக்கொள்ளவில்லை. என் தோல்வி எனக்கு மட்டும் உரியதாக இருந்ததே அதற்குக் காரணம். உங்கள் தம்பியின் களத்தில் நிலைமை வேறு. நூறு பேர் இறங்கும் அந்த ஆட்டத்தில் நால்வர் ஓர் அணி. ஒருவர் வேடிக்கையாக எதிரிகள் நெருங்கியிருக்கும் இடத்தில் குதித்து முதல் இரண்டு நிமிடங்களில் விழுந்துவிட்டால், மற்ற மூவரும் எஞ்சிய அரை மணி நேரத்தையும் ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டியிருக்கிறது. ‘பிரான்ஸ்’ என்னும் வெண்கல நிலை தொடங்கி ‘காங்கரர்’ வரை ஏறும் தரவரிசையில் உச்சியான காங்கரர் நிலை முதல் 500 பேருக்கு மட்டுமே உரியது. ஆட்டத்தின் ஒரு பருவம் (சீசன்) முடிந்ததும் மேல்நிலைகளில் இருப்பவர்கள் கீழே இறக்கப்படுகிறார்கள். ஆகவே, உங்களுக்கு ஒரு சிரிப்போடு முடிந்துபோகும் ஆட்டம் அவனுக்குத் திரும்பச் சம்பாதிக்க வேண்டிய புள்ளிகளாகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில், வெறும் எழுத்தாலேயே பலர் கூடி ஆடும் ‘மட்’ என்னும் கணினி விளையாட்டை உருவாக்கிய இருவருள் ஒருவரான ரிச்சர்ட் பார்ட்டில், 1996இல் எழுதிய கட்டுரையில் ஆட்டக்காரர்களைத் திறமையால் பிரிக்காமல் நாட்டத்தால் பிரித்தார்: சாதிக்க வருபவர், புது இடங்களைத் துருவிப் பார்க்க வருபவர், பேசிப் பழக வருபவர், பிறரை வீழ்த்த வருபவர். நீங்கள் மூன்றாம் வகை என்றே ஊகிக்கிறேன். தம்பியோடு பேசுவதற்கு உங்களுக்குக் கிடைக்கும் நேரம் அந்த ஆட்டம் மட்டுமாக இருக்கக்கூடும். அப்படியானால் தரப்புள்ளியைத் தொடாத ‘டி.டி.எம்.’ (டீம் டெத்மேட்ச்) என்னும் குறுகிய அணி மோதலுக்கு அவனை அழையுங்கள். அதில் விழுந்தவர் உடனே எழுந்து வந்துவிடலாம், பேச்சும் அறுபடாது.

கேள்வி: பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகன், தான் சாதாரணமாக ஆடுபவன் அல்ல, ‘ஹார்ட்கோர்’ என்று சொல்லிக்கொண்டு இரவு ஒரு மணி வரை ஆடுகிறான். சாப்பிடக் கூப்பிட்டால், “மேட்ச் நடுவுல இருக்கேன்மா” என்று கத்துகிறான். இது நோயா?
– ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: தீவிரமாக ஆடுவது மட்டுமே நோய் ஆகிவிடாது. உலகச் சுகாதார அமைப்பு 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் ‘விளையாட்டுக் கோளாறு’ இடம்பெற்றிருப்பது உண்மை. ஆனால் அதில் மணிக்கணக்கு அளவுகோல் இல்லை. ஆட்டத்தின் மீது கட்டுப்பாடு இழந்திருப்பதும், மற்ற எல்லாவற்றையும் விட ஆட்டமே முதன்மையாகிவிடுவதும், கேடு விளைவது தெரிந்தும் விடாமல் தொடர்வதும் பொதுவாக ஓராண்டுக் காலமாவது நீடித்திருக்கிறதா என்றே அது பார்க்கிறது. உங்கள் மகன் ஒரு வாரத் தேர்வுக்காக ஆட்டத்தைத் தானே ஒதுக்கி வைக்கிறானா என்று கவனியுங்கள். ஒதுக்கி வைக்க முடியாமலும், பள்ளியும் உறக்கமும் சேர்ந்தே சீர்குலைந்தும் இருந்தால் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இரவு ஒரு மணியை மட்டும் நான் ஏற்க மாட்டேன். உறக்கம் குறைந்தால் முதலில் மழுங்குவது அவன் பெருமைப்படும் அந்தக் கைவேகமே. எந்த நல்ல ஆட்டக்காரரும் அறிந்த இந்தச் செய்தியை அவனிடம் அதே மொழியில் சொல்லுங்கள். அவன் ஆடுவதும் ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ என்றால், அந்த விளையாட்டே 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அவன் அதற்கு மேல் ஆடுகிறான் என்றால் வயதை மாற்றிக் கொடுத்தோ வேறொருவர் பெயரிலோ நுழைந்திருக்கிறானா என்று பாருங்கள்.

சாப்பாட்டுச் சண்டையில் நான் பாதி உங்கள் மகன் பக்கம். சுற்றில் கிரிக்கெட்டைப் போல இடைவேளை கிடையாது. நடுவில் எழுந்தால் மூன்று பேரைக் கைவிட்டதாகும். ‘ஒன்பது மணிக்கு நிறுத்து’ என்பதைவிட, ‘இன்றைக்கு மூன்று மேட்ச், மூன்றாவது எட்டரைக்கு மேல் தொடங்கக் கூடாது’ என்று பேசி முடித்துக்கொண்டால், மீறியவர் யார் என்பதில் இருவருக்கும் ஐயம் இருக்காது.

கேள்வி: விளையாட்டைத் தயாரிக்கும் நிறுவனங்கள் இந்த இரு தரப்பில் யார் பக்கம்?
– ஒரு மாணவர், கிருஷ்ணகிரி

பதில்: தீவிர ஆட்டக்காரர் இல்லாவிட்டால் விளையாட்டுக்குப் பெயர் இருக்காது; மற்றவர் இல்லாவிட்டால் கூட்டம் இருக்காது. 2004இல் வெளிவந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்னும் இணையவழிக் கணினி விளையாட்டில் மிகப் பெரிய குகைப் போர்களுக்கு நாற்பது பேர் ஒரே நேரத்தில் கூட வேண்டியிருந்தது. வேலைக்குப் போகும் எவருக்கு அது வாய்க்கும்? 2007இல் வந்த விரிவாக்கத்தில் அந்த எண்ணிக்கை இருபத்தைந்தாகவும் பத்தாகவும் குறைந்தது. சில நாள்கள் ஆடாமல் விட்டுத் திரும்புபவரின் பாத்திரம் ஓய்வெடுத்ததாகக் கொள்ளப்பட்டு, எதிரிகளை வீழ்த்தும்போது இரு மடங்கு அனுபவப் புள்ளி பெறும் ஏற்பாடும் அந்த விளையாட்டில் தொடக்கம் முதலே உண்டு. நம் கைப்பேசி ஆட்டங்களில் இந்தப் பரிவு வேறு வடிவில் வருகிறது: கீழ்த் தரநிலைகளில் உங்கள் எதிரே ஓடி வந்து நேராக நின்று சுடப்படுபவர்களில் பலர் மனிதர்களே அல்லர், கணினி இயக்கும் ‘பாட்’கள். புதிதாக வந்தவருக்கு முதல் நாளிலேயே வெற்றி கிடைப்பதன் இரகசியம் அதுதான். ஓசூர் அண்ணன் இதைத் தம்பியிடமிருந்து தெரிந்துகொள்வதைவிட இந்தப் பக்கத்திலிருந்து தெரிந்துகொள்வது நல்லது.