உலகம் அழியாத நாள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (தஞ்சாவூர் வாசகி): 1962 பிப்ரவரியில் உலகம் அழிந்துவிடும் என்று நாடே பயந்து கிடந்ததாக எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிச் சிரிக்கிறார்கள். அப்படியொரு செய்தி உண்மையிலேயே உலாவியதா?

பதில்: உலாவியது, இன்று படித்தாலும் சிரிப்பை வரவழைக்கும் செய்திதான். பிலவ வருடம் தை மாதத்தில், பிப்ரவரி 3 முதல் 5 வரை, சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், குரு, சுக்கிரன், சனி, கேது ஆகிய எட்டும் மகர ராசியில் கூடின. அஷ்டகிரகச் சேர்க்கை என்ற பெயரில் மாதக்கணக்கில் பேசப்பட்ட இந்தக் கூட்டத்தால் பூகம்பம் வரும், கடல் பொங்கும், பிரளயமே வரும் என்று ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். வட இந்திய நகரங்களில் பந்தல் போட்டு யாகம் வளர்த்தார்கள். நெய்யும் சமித்தும் அக்கினியில் விழுந்தவண்ணம் இருந்தன. நம் பக்கத்தில் அது தை அமாவாசையை ஒட்டிய வேளை என்பதால், எப்படியும் கடலில் நீராடப் போகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேண்டுதல் சேர்ந்துகொண்டது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அந்த நாட்களில் பக்கத்துப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்த காரியங்கள். மூன்றாவது பொதுத்தேர்தல் அதே பிப்ரவரியின் பிற்பகுதியில் நடக்கவிருந்தது. ஐந்தாம் தேதியோடு உலகம் முடிகிறது என்ற பேச்சு ஒரு பக்கம் ஓட, அடுத்த ஐந்தாண்டுகளுக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற பிரசாரம் இன்னொரு பக்கம் ஓய்வில்லாமல் நடந்தது. விண்வெளிக்குப் போய்வந்த முதல் மனிதரான யூரி ககாரின் இந்தியாவுக்கு வந்து, மக்கள் திரண்டு அவரைப் பார்த்து இரண்டு மாதங்கள்தாம் ஆகியிருந்தன. கிரகங்களைக் கண்டு நாம் நடுங்கிய அதே மாதம் 20-ஆம் தேதி அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியை மூன்று முறை சுற்றிவிட்டுப் பத்திரமாகக் கடலில் இறங்கினார்.

பயம் நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமாக இருந்ததில்லை. அமெரிக்காவில் புகழ்பெற்றிருந்த குறிசொல்லும் பெண்மணி ஜீன் டிக்சன், பிப்ரவரி 5 அன்று உலகையே மாற்றப்போகும் ஒரு குழந்தை கிழக்கே பிறந்துவிட்டதாக அறிவித்தார். பிப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை, எல்லா ஊரிலும் பொழுது விடிந்தது. பள்ளிக்கூட மணி அடித்தது.

கேள்வி (விருதுநகர் வாசகர்): நவகிரகங்கள் ஒன்பது அல்லவா? ஒன்பதாவது கிரகம் ஏன் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை?

பதில்: வரவே முடியாது என்பதுதான் காரணம். சந்திரனின் பாதை சூரியனின் தோற்றப்பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகளே ராகுவும் கேதுவும். அவை எப்போதும் ஒன்றுக்கொன்று நேர் எதிரில், 180 பாகை தள்ளியே இருக்கும். மகரத்தில் கேது இருந்ததால் ராகு கடகத்தில் இருந்தே தீரவேண்டும். ஆகவே எட்டுக்கு மேல் கூட்டம் சேராது. 1962-இல் வந்தது நிறைந்த சபை.

அது எப்படிச் சேர்ந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் பயம் போய் வியப்பு வரும். ஒவ்வொரு தை மாதமும் சூரியன் மகரத்தில்தான் இருக்கிறது. புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேலும், சுக்கிரன் 47 பாகைக்கு மேலும் விலகுவதில்லை என்பதால், அவை இரண்டும் அதே ராசியிலோ அக்கம்பக்கத்திலோ இருக்கும். சந்திரன் மாதம் ஒரு முறை எல்லா ராசிக்கும் வந்துபோகிறது. செவ்வாய் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரு சுற்றை முடிக்கிறது. மெதுவாக நகர்பவை மூன்றுதாம்: குருவுக்கு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 12 ஆண்டுகள், சனிக்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள், கேதுவுக்கு 18 ஆண்டுகளுக்குச் சற்று அதிகம். குருவும் சனியும் சுமார் 20 ஆண்டுகளுக்கு ஒரு முறை சந்திக்கின்றன. 1961 தொடக்கத்தில் சந்தித்த அவை மறுவருடத் தையிலும் அதிகம் பிரியவில்லை. பின்னோக்கி நகரும் கேதுவும் அதே சமயம் அங்கே வந்துசேர்ந்தது. வெவ்வேறு வேகத்தில் ஓடும் கடிகார முட்கள் எப்போதாவது ஒரே எண்ணருகே வந்து நிற்பதைப் போன்றதுதான் இது.

இதையெல்லாம் நம் பஞ்சாங்கக்காரர்கள் நன்றாக முன்கூட்டியே கணித்து வைத்திருந்தார்கள் என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். அவர்கள் சொன்ன நாளில், அவர்கள் சொன்ன ராசியில் எட்டும் கூடின. ஆண்டாண்டு காலமாகத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த கணிதத்தின் வெற்றி அது. அந்தக் கணக்கோடு ஒட்டிக்கொண்ட பிரளயத்தைப் பற்றி நாடு முழுவதும் பேசியதில், கணக்கைப் போட்டவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய பாராட்டு கிடைக்காமலே போய்விட்டது. எனக்கு அதுதான் ஆறாத வருத்தம்.

கேள்வி (காரைக்குடி வாசகர்): எட்டுக் கிரகங்களையும் அன்று வானத்தில் கண்ணால் பார்க்க முடிந்ததா?

பதில்: இங்கிருந்து முடியவில்லை. கூட்டத்தின் நடுவில் சூரியன் இருந்ததால் எல்லாக் கிரகங்களும் அதன் ஒளியில் மறைந்துபோயின. கேதுவோ கணக்கில் மட்டும் உள்ள புள்ளி. ஆனால் சூரியனும் சந்திரனும் கேதுவின் அருகே அமாவாசையில் கூடினால் கிரகணம் நிகழ வேண்டுமே, நிகழ்ந்தது. போர்னியோ, நியூகினி பகுதிகளில் அது முழுச் சூரிய கிரகணமாகத் தெரிந்தது.

கேள்வி (கோவை வாசகர்): அதே ஆண்டு அக்டோபரில் சீனப் போர் வந்ததே! அது அந்தச் சேர்க்கையின் பலன் என்கிறார்களே?

பதில்: எட்டு மாதம் கழித்து வந்ததையும் கணக்கில் சேர்ப்பதென்றால் எந்த நாளுக்கும் எந்தப் பலனையும் சொல்லிவிடலாம். எல்லைத் தகராறு 1959-லேயே துப்பாக்கிச் சூடு வரை முற்றியிருந்தது. கிரகங்கள் சேர்ந்து பூமியை இழுக்கும் இழுவிசையைக் காரணமாகச் சொல்வார்கள்; கடலை ஏற்றி இறக்குவது சந்திரனும் சூரியனும்தான், அதை அவை ஒவ்வோர் அமாவாசைக்கும் செய்கின்றன. அன்று 160 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த சனியால் ஓர் அலையைக்கூட உயர்த்த முடியாது.

கேள்வி (திருநெல்வேலி வாசகி): இப்படியொரு சேர்க்கை மீண்டும் வருமா? வந்தால் பயப்பட வேண்டுமா?

பதில்: 2000-ஆவது ஆண்டு மே 5 அன்று சூரியனும் ஐந்து கிரகங்களும் வானத்தின் ஒரே பகுதியில் கூடியபோதும் உலகம் அழியும் என்ற பேச்சு கிளம்பியது, மறுநாள் சனிக்கிழமை வந்துபோனது. அடுத்ததாகக் காத்திருக்க வேண்டிய நாள் 2040 செப்டம்பர் 8. புதன், சுக்கிரன், செவ்வாய், குரு, சனி ஐந்தும் கன்னி ராசியில் சுமார் 10 பாகைக்குள் நெருங்கி நிற்கும். கை நீட்டி முஷ்டியை மடக்கினால் அது வானத்தில் மறைக்கும் அகலம் அவ்வளவுதான். பிறைச் சந்திரனும் அருகில் இருக்கும். சூரியன் சற்றுத் தள்ளியிருப்பதால் இம்முறை வெறுங்கண்ணால் பார்க்கலாம். சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழித்து, மேற்கே மரமும் கட்டடமும் மறைக்காத மொட்டைமாடிக்கோ கண்மாய்க்கரைக்கோ பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.