வாரண்டி நீட்டிப்பு: அவசரப்பட்டுக் கையெழுத்து போடாதீர்கள்

அடுத்த மாதம் கார் வாரண்டி முடிகிறது, நீட்டிப்பு ஒப்பந்தம் எடுக்கச் சொல்லி ஷோரூமில் நச்சரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சரி, விளம்பரத் தாளை ஓரமாக வையுங்கள். ஒப்பந்தத்தின் முழு நகலைக் கேட்டு வாங்கி, எதற்கெல்லாம் பொருந்தாது என்ற பக்கத்தை முதலில் படியுங்கள். பிரேக் பேட், கிளட்ச் பிளேட், பேட்டரி மாதிரி தேயும் சாமான்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

என் பழைய காரில் ஏசி கம்ப்ரஸர் போனபோது, ஒரு சர்வீஸுக்கு பில் இல்லை என்று கிளெய்மை மறுத்துவிட்டார்கள். டாஷ்போர்டு அறையைக் கவிழ்த்துத் தேடியதில் பழைய பார்க்கிங் சீட்டுகள்தான் கிடைத்தன!

உங்களுடையது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், இன்னும் ஐந்து வருடம் ஓட்டப்போகிறீர்கள் என்பதால் நான் எடுக்கத்தான் சொல்வேன். ஆனால் ஒவ்வொரு ரிப்பேருக்கும் உங்கள் பங்கு எவ்வளவு, வெளி மெக்கானிக்கிடம் விடலாமா, இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.